எட்டாவது அடி இல்லாத பாட்டு

கல்யாண ரிசப்ஷன்களில் ஒன்பது வருஷம் ட்ரம்ஸ் வாசித்தவள் நான். அந்த மேடையில் முதல் வாரமே பிடிபட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: பாடுகிறவர் எங்கே எடுக்கிறாரோ அதுதான் தாளத்தின் ஒன்று. மாப்பிள்ளையின் மாமா ஆசைப்பட்டு மைக்கை வாங்கி, பல்லவியில் அரை வரியை விழுங்கிவிட்டு சரணத்துக்குத் தாவினாலும், நான் குச்சிகளால் ஓர் உருட்டு உருட்டி அவரோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கீழே பந்தியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியக் கூடாது. எங்கள் ட்ரூப்பில் இதற்கு ஒட்டுப் போடுவது என்று பெயர். "அக்கா ஒட்டுப் போட்டாங்க பாரு" என்று கீபோர்டுக்காரர் சிரிப்பார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் எந்த மேடையிலும் எதிர்பார்த்ததில்லை.

எனக்கு அதில் கர்வம் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு எத்தனை மாமாக்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தக் கர்வத்தோடுதான் என் தம்பியின் பாட்டையும் கெடுத்தேன்.

தம்பிக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன்; அவன் சேலையூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறான். கல்லூரி நாட்களில் யாரோ கொடுத்த சிடி ஒன்றிலிருந்து அவனுக்கு கிரஞ்ச் என்கிற ராக் இசை பிடித்துக்கொண்டது. எங்கள் பம்மல் வீட்டின் ஒரே படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதையே போட்டுப் போட்டுக் கேட்பான். எனக்கு முதலில் அது எரிச்சலாக இருந்தது. கிடார் சத்தம் கிழிந்த ஸ்பீக்கரில் வருவதுபோல வரும். பாடுகிறவர் முதல் பாதியில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல முணுமுணுப்பார். பிறகு திடீரென்று தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் கல்யாண மேடையில் அப்படிப் பாடினால் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிடுவார்கள்.

கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. அந்த முணுமுணுப்பு சும்மா இல்லை. சொல்ல வேண்டியதை அடக்கி அடக்கி வைத்திருப்பவர் பேசுகிற பேச்சு அது. கத்தல் வரும்போது கிடார்காரர் காலடியில் உள்ள பெடலை மிதிக்கிறார், சத்தம் ஒரேயடியாகத் தடிக்கிறது, ட்ரம்ஸ் அதுவரை தொட்டுக்கொண்டிருந்த சிம்பலை ஓங்கி அடிக்கிறது. தம்பி கிடாரின் தடித்த கம்பியை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி வைத்துக்கொள்வான். ஒரே விரலை மூன்று கம்பிகளின் மேல் படுக்கவைத்தால் போதும், மூன்றும் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கனமான கார்டு வந்துவிடும். வித்தை காட்டுகிற இசை இல்லை அது. வீட்டில் அடங்கியே இருக்கப் பழகிய எனக்கு அந்தக் கத்தல் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ட்ரூப் கலைந்த பிறகு நானும் தம்பியும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். பேஸ் கிடாருக்கு அனகாபுத்தூரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பம்மலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர், தம்பியின் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷின்களின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, எண்ணெய் வாசனைக்கு நடுவில் வாசிப்போம். ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்கி எழுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். தூங்க விட்டோமா என்பது வேறு விஷயம்.

போன வருஷம் கோடைக்கு முன்னால் தம்பியின் மனைவி அவனைப் பிரிந்து திருச்சிக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் பேசி முடிவெடுத்ததாக அவன் சொன்னான். அதற்கு மேல் கேட்டால் கிடாரை எடுத்து டியூன் செய்ய ஆரம்பித்துவிடுவான்.

அடுத்த மாதமே ஒரு கிரகப்பிரவேசத்தில் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தங்கை, எங்கள் உறவில் யாருக்கு என்ன என்பது சித்தி வழியாகத்தான் எல்லோருக்கும் போகும்.

"எங்கடி அவ? வரலியா?"

தம்பி எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கம்பெனில லண்டன் அனுப்பியிருக்காங்க சித்தி. ஆறு மாசம்." ஓர் உருட்டு உருட்டி, பேச்சை சாம்பாரின் ருசிக்குத் திருப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ப்ராஜெக்ட் நீண்டது. லண்டனில் பனி பெய்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பியதாக, பல்லாவரத்தில் ஒரு கடையில் தேடிப்பிடித்து வெளிநாட்டு சாக்லேட் டப்பா வாங்கிச் சித்திக்குக் கொடுத்தேன். தம்பிக்கு அவமானம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லச் சொல்லி அவன் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவன் பட்டறைக்கு ஒரு பாட்டைக் கொண்டுவந்தான். தடித்த கம்பியில் நான்கு அடி, பிறகு மூன்று அடி, உடனே மறுபடி முதலிலிருந்து. எட்டாவது அடி வர வேண்டிய இடத்தில் அது வராமல் அடுத்த ஒன்று வந்துவிடுகிறது. வரிகள் ரொம்பச் சாதாரணம். ஆணியில் ஒரே சாவி, செருப்பு வைக்கிற தட்டில் பாதி காலி, இந்த மாதிரி. சரணம் முழுவதும் முணுமுணுப்பு. பல்லவியில் மட்டும் பெடலை மிதித்துக் கத்தல். கத்தும்போதும் அதே ஏழுதான்.

"ஏழு நமக்குப் புதுசாடா? மிஸ்ர சாபு. கோயில்ல, கச்சேரில எல்லாம் வாசிக்கறதுதானே" என்று கேலி செய்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதுதான் முதல் தப்பு. மிஸ்ர சாபுவில் மூன்று முன்னால் வரும், நான்கு பின்னால் வரும்: தகிட, தகதிமி. ஆரம்பத்தில் ஒரு துள்ளு, பிறகு நிதானமாக இருக்கை. அதனால்தான் அந்த ஏழு நமக்குச் சுகமாக இருக்கிறது. தம்பியின் ஏழு தலைகீழ். நான்கு முதலில் வருகிறது. கேட்பவர் சரி, இது வழக்கமான பாட்டு என்று நம்பிச் சாய்ந்து உட்காருகிறார். இரண்டாவது நான்கு முடிவதற்குள் நாற்காலியை இழுத்துவிடுகிறான். ஏழு என்ற கணக்கு ஒன்றுதான், அது செய்கிற வேலை வேறு.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. ஒவ்வொரு சுற்றிலும் அவன் எட்டாவது அடியை விடும்போது, ஒன்பது வருஷம் பழகிய என் கைக்கு அது பாடகர் செய்த தவறாகவே பட்டது. ஏழாவது அடியில் இடது கை தானாக ஒரு சின்ன உருட்டைப் போட்டு, அடுத்த ஒன்றுக்கு வழவழவென்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நான்கு ஞாயிறு இப்படியே வாசித்தோம். பாட்டு நன்றாக ஓடியது.

"சோக்கா கீதுக்கா. குந்தினு கேக்க முடியாது, ஆடத்தான் தோணும்" என்றார் பேஸ் வாசிப்பவர்.

தம்பி கிடாரைக் கழற்றி மெஷின் மேல் வைத்தான். "அதான் பிரச்சனை."

"என்ன பிரச்சனை? எங்கயாவது விட்டேனா?"

"விடவே இல்ல. அந்த இடத்துல தடுக்கணும்க்கா. கேக்கறவங்களுக்குக் கால் தடுக்கணும். நீ ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து கையப் பிடிச்சுத் தாண்டி விட்டுடற. அங்க ஒரு அடி இல்லன்னே யாருக்கும் தெரியல."

"அதுதாண்டா என் வேலை."

"தெரியும். சித்திகிட்டயும் அதையேதான் பண்ற."

பேஸ் வாசிப்பவர் டீ வாங்கி வருவதாகச் சொல்லி ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார். தம்பி குரலை உயர்த்தவில்லை. அந்தப் பாட்டுக்கு மட்டும் லேப்டாப்பில் மெஷின் ரிதம் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னான். மூன்று வாரத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் சித்தி குடியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் நாங்கள் வாசிப்பதாக இருந்தது. மூன்று பாட்டு. முதல் இரண்டுக்கு நான். மூன்றாவதற்கு நான் எழுந்து கீழே போய் உட்கார வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தில் குச்சியை லேத்துக்கு அடியில் விட்டெறிந்தேன். பிறகு நானே குனிந்து தேடி எடுத்தேன். வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது திட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மெஷினுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அந்த ட்ரம்ஸ் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

தம்பியின் கிடாரை மட்டும் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைக் காதில் போட்டுக்கொண்டு ரப்பர் பலகையின் மேல் வாசித்துப் பழகினேன். உருட்டு போடுகிற இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்துப் பார்த்தேன். இடது கையை எடுத்ததும் பழைய உருட்டு தயாராக இருந்தது. ஷோரூமுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் ஏழு ஏழாக எண்ணினேன். வாடிக்கையாளர் ஒருவர் பிரேக் சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் தட்டல் சத்தம் தாங்காமல் பழைய ஹெல்மெட் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். பத்து நாள் போனது. எண்ண எண்ணத்தான் மோசமானது. ஏழாவது அடி வரப்போகிறது என்று தெரிந்ததும் உடம்பு பதறி அவனைத் தாங்கப் போய்விடும்.

ஒரு சாயங்காலம் வேலை விஷயமாக நுங்கம்பாக்கம் வரை போய்விட்டு ரயிலில் திரும்பினேன். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி நடைமேம்பாலத்தில் ஏறும்போது அந்தப் பாட்டு காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக் கூட்டம். அங்கே யாரும் தன் இஷ்டத்துக்கு நிற்கவோ வேகத்தை மாற்றவோ முடியாது. வலது இடது, வலது இடது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பாலத்தில்தான் கவனித்தேன். தம்பியின் ஒன்று என் வலது காலில் விழுந்தது. அடுத்த சுற்றின் ஒன்று இடது காலில் விழுந்தது. அதற்கடுத்தது மறுபடி வலது. நான் எண்ணவில்லை. எங்கும் தடுக்கவும் இல்லை. நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்; அவன் ஒரு சுற்றில் என்னைவிட்டு விலகி, அடுத்த சுற்று முடியும்போது தானாக என்னிடம் வந்துகொண்டிருந்தான்.

மேம்பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐந்து முறை நடந்தேன். கணக்கு ரொம்ப எளிது. ஏழை இரண்டால் வகுத்தால் மிச்சம் வரும். பதினாலை வகுத்தால் வராது. காலில் பேஸ் ட்ரம், கையில் ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம், ஒன்று விட்டு ஒன்று. ஏழைப் பற்றி நான் கவலைப்படவே வேண்டாம். முதல் சுற்றில் அவன் ஒன்றோடு என் கால் சேரும். அடுத்த சுற்றில் அதே ஒன்றின்மேல் ஸ்நேர் பளீரென்று அறைந்தாற்போல விழும். கேட்கிறவருக்குத் தடுக்கும். நான் தடுக்கவிட்டு நேராகப் போவேன். பதினாலு முடியும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்போம்.

கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. தம்பி மனைவியை எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, எங்கள் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். அவள் போனதில் எனக்கும் துக்கம் இருந்தது. அதைத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லண்டனில் பனி பெய்யவைப்பதில் நான் மும்முரமாக இருந்துவிட்டேன்.

விழாவன்று மூன்று மணிக்கு மைக் சரிபார்க்கப் போனோம். இருந்தது கொஞ்ச நேரம்தான். தம்பி லேப்டாப்பை மேடையில் வைத்து, காலால் அழுத்துகிற சுவிட்சோடு இணைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ வாசிக்கறேன். பிடிக்கலன்னா எழுந்துக்கறேன்" என்றேன்.

"ஒரே தடவதான்."

வாசித்தோம். ஆறாவது சுற்றில் விட்டது அவன். கிடாரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீ உன்பாட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

"ஆமா. பதினாலுல உன்கிட்ட வந்துடுவேன். நீ விட்டா நான் பிடிக்க வரமாட்டேன்."

கணக்கு வாத்தியார் ஆயிற்றே, மனதுக்குள் போட்டுப் பார்த்திருப்பான். "சரி. மெஷின் இங்கயே இருக்கட்டும். தப்பாச்சுன்னா அதப் போட்டுடுவேன். நீ நிறுத்திடணும்."

"மெஷினுக்கு இன்னா மச்சான் தெரியும்? அக்கா நட போட்டுகினு வரும்போது நானும் பின்னாலயே வந்துக்கறேன்" என்றார் பேஸ் வாசிப்பவர்.

குழந்தைகளின் சினிமா நடனத்துக்கும் லக்கி டிராவுக்கும் நடுவில் எங்களை விட்டிருந்தார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் பந்தல், ஐந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, முன்வரிசையில் பட்டுப்புடவையில் சித்தி. குடியிருப்பின் செயலாளர் மேடையோரம் வந்து, "சார், சவுண்ட் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று கேட்டுக்கொண்டார். முதல் இரண்டு பாட்டை எப்படியோ பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆரம்பித்ததும் என் கால் விழுந்தது, கை விழுந்தது. முன்வரிசையில் யாரோ ஸ்நேரோடு சேர்ந்து கைதட்ட ஆரம்பித்தார்கள், கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தட்டுகிறவர்களின் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. கை சரியாகத்தான் விழுகிறது, கிடார் மட்டும் விலகிப் போகிறதே என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் நிறுத்தவில்லை. அந்தக் குழப்பத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது சரணத்தில் சாவி வரும் வரியில் தம்பியின் குரல் நின்றது. முதலில் குரல், பிறகு கிடாரும் நின்றுவிட்டது. கணக்கை விட்டுவிட்டானா, அந்த வரியைப் பாட முடியவில்லையா, எனக்குத் தெரியாது. முகத்தைக் கீழே போட்டிருந்தான். காலுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருந்தது. பேஸ் வாசிப்பவர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் இடது கை உருட்டுக்காக மேலே எழும்பியது. ஓர் உருட்டு, நேராகப் பல்லவி, யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம். ஒன்பது வருஷத்தில் இதைவிட மோசமான இடங்களையெல்லாம் ஒட்டியிருக்கிறேன்.

கையை ஸ்நேரில் எங்கே விழ வேண்டுமோ அங்கே போட்டேன். கால், கை. கால், கை. பதினாலு போனது. அவன் வரவில்லை. கூட்டத்தில் கைதட்டல் தேய ஆரம்பித்தது. முன்வரிசையில் மட்டும் யாரோ விடாமல் தட்டினார்கள். சித்தியின் முகம் மாறிவிட்டது. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வா, வராமல் போ, நான் இங்கேதான் நடந்துகொண்டிருப்பேன் என்று மட்டும் நினைத்தேன். இன்னொரு பதினாலு போனது. மூன்றாவதின் முதல் அடியில் தம்பியின் கால் நகர்ந்தது. மெஷினை மிதிக்கவில்லை. கிடார் பெடலை மிதித்தான். என் காலும் அவன் கார்டும் ஒரே இடத்தில் விழுந்தன. அவன் கத்திய கத்தலில் பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன.

பாட்டு முடிந்ததும் லக்கி டிரா எண்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் சிம்பல்களைக் கழற்றிக்கொண்டிருந்தோம். சித்தி நாற்காலிகளுக்கு நடுவில் வழி பண்ணிக்கொண்டு வந்தாள்.

"நல்லாதான் இருந்துச்சு. ஏண்டா நடுவுல நின்னுட்ட? அவ ஞாபகம் வந்துடுச்சா? எப்பதான் வரா லண்டன்லேந்து?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. ப்ராஜெக்ட் இன்னும் ஆறு மாதம். தம்பி என்னைப் பார்த்தான். நான் சிம்பலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவ லண்டன் போகல சித்தி. நாங்க பிரிஞ்சுட்டோம்."

சித்தி என் பக்கம் திரும்பினாள். "அப்போ நீ சொன்னதெல்லாம்?"

"பொய் சித்தி. அவன் சொல்லச் சொல்லல. நானாதான் சொன்னேன்."

என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சித்தி ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்து, "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். திருச்சி வரை சொன்னான், நின்றான். சித்தி அந்த நேரத்திலும் என்னைத்தான் பார்த்தாள். இத்தனை நாள் அவனுக்காகப் பேசியவள் நான்தானே. நான் சிம்பலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அவன் மூச்சை இழுத்துவிட்டு, தானாகவே மறுபடி பேச ஆரம்பித்தான்.